கார்டியன் சான்றிதழுக்கு அலைவதற்கு முன்: எந்த வழி யாருக்கு?

"அக்கா, கார்டியன்ஷிப் சர்டிபிகேட் எங்க வாங்கணும்?" வாரத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் செய்து இப்படிக் கேட்கிறார்கள். குறைபாட்டாலோ நோயாலோ தானே முடிவெடுக்க முடியாத, வயது வந்த ஒருவருக்காக முடிவெடுக்கும் காப்பாளர், அதாவது கார்டியன், இவர் என்று சொல்லும் சான்றிதழ் அது. "யாரு கேக்குறாங்க, எதுக்காகக் கேக்குறாங்க?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஒருவர் பேங்கில் கேட்டார்கள் என்பார். ஒருவர் பென்ஷன் ஆபீஸில் என்பார். அப்பா சொத்தைப் பாகம் பிரிக்க வேண்டியிருக்கிறது என்பார் இன்னொருவர். பக்கத்து வீட்டில் வாங்கிவிட்டார்கள், நாமும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்பவர்களும் உண்டு. இந்த நாலு பேருக்கும் ஒரே பதில் கிடையாது. ஒருவருக்குச் சான்றிதழே வேண்டியிருக்காது. ஒருவர் கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். இன்னொருவர் அங்கே போனால் அலைச்சல்தான் மிஞ்சும், அவருக்கு உயர் நீதிமன்றம்தான் கதி.

என் தம்பிக்கு 43 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். அப்பா இறந்த பிறகு அவனுக்காக நான் ஏறி இறங்கிய படிகளில்தான் இந்தச் சட்டமெல்லாம் எனக்குத் தெரிய வந்தது. அப்புறம் எங்கள் பெற்றோர் குழுவில் மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். அங்கே பார்த்ததையும் சேர்த்து, இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்த அன்றே பெற்றோரின் சட்டப்படியான பாதுகாவலர் நிலை முடிந்துபோகிறது. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டமும், 1956இல் வந்த இந்து மைனர் சட்டமும் பதினெட்டு நிரம்பாதவர்களுக்கு மட்டும்தான். "பெத்தவ நான் உசுரோட இருக்கும்போது வேற யாரு கார்டியன்?" என்று கேட்காத அம்மாவை நான் பார்த்ததில்லை. அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை இப்போது வயது வந்த ஆள், மற்றவர்களைப் போலவே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 13ஆவது பிரிவில் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. சொத்து வைத்துக்கொள்ளலாம், வாரிசாகச் சொத்து அடையலாம், தன் பணத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம், பேங்கில் கடன்கூட வாங்கலாம். அதனால் யாரும் காப்பாளர் இல்லாமல் இருப்பதுதான் இயல்பு நிலை. காப்பாளர் வைப்பது அதிலிருந்து விலகிப் போகும் ஏற்பாடு, அதற்குக் காரணம் வேண்டும்.

காப்பாளரே இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

நிறைய தூரம் போகலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டை, ஆதார், தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிரமயா மருத்துவக் காப்பீடு (வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை) இவற்றுக்காக யாரையும் யாருக்கும் காப்பாளர் ஆக்க வேண்டிய அவசியமில்லை. ஓட்டுப் போடுவதும் அப்படித்தான். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தகுதியுள்ள நீதிமன்றம் ஒன்று 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' என்று அறிவித்திருந்தால்தான் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் போகும். தம்பி ஒவ்வொரு தேர்தலுக்கும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு வருகிறான். நீதிமன்றத்துக்கு எழுதும் மனுவில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதீர்கள் என்று நான் வக்கீல்களிடம் சண்டை போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு வேலைக்காகப் பெறும் அறிவிப்பு வேறு உரிமையைத் தின்றுவிடக் கூடாது.

அவனுக்கு வங்கிக் கணக்கு தொடங்க மூன்று மாதம் ஆனது. கையெழுத்துப் பழக்க எடுத்துக்கொண்ட நாட்கள் அவை. நாலு கோடு நோட்டில் தினம் ஒரு பக்கம். கடைசி எழுத்தின் சுழி மட்டும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு திசையில் போகும். "கையெழுத்து மாறுதே" என்று முதலில் போன கிளையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த கிளையில் இருந்த மேலாளர் அம்மா கைரேகை வைத்துக் கணக்கு தொடங்கினார், கூடவே "கையெழுத்தையும் விடாம பழகுப்பா" என்றார். இப்போது உதவித்தொகை வந்த மறுநாள் அவனே படிவத்தை நீட்டிப் பணம் வாங்குகிறான். எண்ணுவதற்கு மட்டும் நான். சட்டம் 'ஆதரவு' என்று சொல்வது இதைத்தான். முடிவு அவனுடையது, கை கொடுப்பது நான். கை கொடுப்பவர் அழுத்தம் கொடுக்கக் கூடாது, தனக்கு லாபம் உள்ள காரியத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்றும் அதே 13ஆவது பிரிவில் இருக்கிறது.

இது எங்கே போதாமல் போகும்? சொத்துப் பத்திரம், பெரிய தொகை, ஒப்பந்தம் என்று வரும்போது. ஒப்பந்தச் சட்டப்படி ஒருவர் தான் செய்வதன் விளைவைப் புரிந்துகொண்டு செய்திருக்க வேண்டும். புரிந்ததா என்று பத்து வருஷம் கழித்து யாராவது கேட்டால் பத்திரமே ஆட்டம் காணும். எங்கள் வீட்டில் அப்பா பெயரில் இருந்த வீடும் வைப்புத்தொகையும் அம்மா, நான், தம்பி மூன்று பேருக்கும் வந்தபோது அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டோம்.

கலெக்டர் ஆபீஸ் வழி

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் நாலு வகைப்பட்டவர்களுக்கு மட்டும்: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு. மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர் குழு உண்டு. கலெக்டர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் என மூன்று பேர். வக்கீல் வேண்டாம், கோர்ட்டு கட்டணம் இல்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஆரம்பித்தால் வழி காட்டுவார்கள். முதல் உரிமை பெற்றோருக்கு, அவர்கள் இல்லையென்றால் கூடப் பிறந்தவர்களுக்கு, அப்புறம் உறவினர்களுக்கு, யாரும் இல்லாதபோது பதிவு பெற்ற நிறுவனத்துக்கு. பெண்ணுக்கு ஓர் ஆண் மட்டும் தனியாகக் காப்பாளராக முடியாது. மனைவியோடு சேர்ந்துதான் ஆகலாம்.

எங்கள் விசாரணை நடந்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் நான்தான் மனு போட்டிருந்தேன். தம்பி புதுச் சட்டை. பையில் பத்து ரூபாய் நோட்டு, டீ குடிக்க. "உங்க அக்கா உங்களுக்கு எல்லாம் பாத்துக்கலாமா?" என்று அதிகாரி கேட்டார். தம்பி மின்விசிறியைப் பார்த்தான். பிறகு, "அக்கா டீ வாங்கித் தரும்" என்றான். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். 'சம்மதம்' என்று எழுதிக்கொண்டு அடுத்த கோப்புக்குப் போயிருப்பார்கள். குழுவில் சக்கர நாற்காலியில் இருந்த உறுப்பினர் மட்டும் விடவில்லை. நாற்காலியைத் தம்பி பக்கம் நகர்த்திக்கொண்டு, "உங்க பையில இருக்கிற காசு யாருது?" என்றார். "எனக்கு." "அதை அக்கா வச்சுக்கட்டுமா?" தம்பி பையைப் பொத்திக்கொண்டான். "வீட்டுப் பத்திரம்?" என்று அதன் நகலைக் காட்டிக் கேட்டார். அதை எடுத்து என்னிடம் தள்ளிவிட்டான்.

உத்தரவில் ஒரு வரி கூடுதலாக வந்தது. உதவித்தொகையும் கைச்செலவும் அவன் கையிலேயே இருக்க வேண்டும், வீடும் வைப்புத்தொகையும் மட்டும் என் பொறுப்பு என்று. இவருக்குக் காப்பாளர் தேவையா, எந்தக் காரியத்துக்குத் தேவை என்று குழு பார்க்க வேண்டும் என்றுதான் 1999 சட்டத்தின் 14ஆவது பிரிவும் சொல்கிறது. காப்பாளர் செய்ய வேண்டிய கடமைகளையும் குழுவே குறிக்க வேண்டும். பெரும்பாலான உத்தரவுகளில் அந்த இடம் 'உடலுக்கும் சொத்துக்கும்' என்று ஒட்டுமொத்தமாக நிரப்பப்பட்டு வருவதை நான் பிற்பாடு பார்த்தேன். மனு எழுதும்போதே எதெது வேண்டும், எதெது வேண்டாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். கேட்காத அதிகாரம் வராது.

இதில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் கணக்கு. நியமனமான ஆறு மாதத்துக்குள் அவருடைய சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள், அதாவது ஜூன் கடைசிக்குள், வரவு செலவு. சில வருஷம் என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். நாளைக்கு உறவில் யாராவது விரல் நீட்டினால் அந்த முத்திரைதான் எனக்குச் சாட்சி. காப்பாளர் கவனிக்கவில்லை, கொடுமை செய்கிறார், சொத்தைத் தின்கிறார் என்றால் பெற்றோரோ உறவினரோ பதிவு பெற்ற நிறுவனமோ குழுவிடம் மனுப் போட்டு அவரை நீக்கச் சொல்லலாம், 17ஆவது பிரிவு.

குறைகளும் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது குழு கூட வேண்டும் என்பது சட்டம். உறுப்பினர்களின் காலம் மூன்று வருஷம். புதிய குழு அமைக்கத் தாமதமானால் மனுக்கள் தூங்கும். அசையாச் சொத்தை விற்கும்போது இந்தச் சான்றிதழை மட்டும் வைத்துப் பதிவு செய்யத் தயங்குகிறார்கள், மாவட்ட நீதிமன்ற அனுமதியும் வேண்டும் என்கிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குத் தவறாகப் படவில்லை. ஒரு மனிதரின் வீட்டை விற்பதை இரண்டாவது கண் ஒன்று பார்ப்பது நல்லதுதான்.

மாவட்ட நீதிமன்ற வழி

2016 சட்டத்தின் 14ஆவது பிரிவில் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. மாவட்ட நீதிமன்றமோ, அரசு அறிவித்த அதிகாரியோ நியமிக்கலாம். போதுமான ஆதரவு கொடுத்துப் பார்த்தும் சட்டப்படி செல்லும் முடிவை ஒருவரால் எடுக்க முடியவில்லை என்றால் மட்டும்தான். அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு, அவரைக் கலந்துபேசி, அவர் விருப்பப்படி. கூட்டாக முடிவெடுப்பது என்றே சட்டம் அதை விளக்குகிறது. திரும்பத் திரும்ப வேண்டியிருக்கிறது என்றால் முழு ஆதரவும் கொடுக்கலாம், ஆனால் அதை நீதிமன்றமோ அந்த அதிகாரியோ மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

எழுத்தில் பார்த்தால் இதுதான் சிறந்த வழி. 2007இல் இந்தியா ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா உடன்படிக்கையில், சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமமான தகுதி உண்டு என்று சொல்லும் 12ஆவது பிரிவுக்கு நெருக்கமாக இருப்பதும் இதுதான். நோயின் பெயரைப் பார்த்து வாசலை மூடாது. மூளையில் அடிபட்டவருக்கும், மனநோய் உள்ளவருக்கும் இதன்கீழ் கேட்கலாம். நடைமுறையில் வக்கீல் கட்டணம் உண்டு, வாய்தா உண்டு, இந்தப் பிரிவைப் பற்றிக் கேள்விப்படாத குமாஸ்தாக்களும் உண்டு.

ஆக, அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவர், விஷயம் அன்றாடப் பராமரிப்பும் வங்கியும் பென்ஷனும் என்றால் கலெக்டர் ஆபீஸ் வழி போதும். ஒரே ஒரு பெரிய காரியம், அது முடிந்தால் போதும் என்றால் மாவட்ட நீதிமன்றம். எந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்டாலும் காப்பாளர் வரையறுக்கப்பட்ட பாதுகாவலராகவே நடந்துகொள்ள வேண்டும் என்று அதே 14ஆவது பிரிவு சொல்லிவிட்டது. 1999 சட்டத்தில் சான்றிதழ் வாங்கினாலும், 2016க்குப் பிறகு "எல்லாம் என் இஷ்டம்" என்பதற்கு இடமில்லை.

உடம்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் இது இன்னும் கண்டிப்பானது. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, லேசான அறிவுசார் குறைபாடுள்ள ஓர் இளம்பெண் பாலியல் வன்கொடுமையால் கருவுற்றார். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பெண் குழந்தை வேண்டும் என்றார். 2009இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அவர் சம்மதம் இல்லாமல் கலைக்க முடியாது என்றது. அரசே பராமரித்து வந்த பெண் அவர். அப்படியிருந்தும் அவருக்காக அரசு முடிவெடுத்துவிட முடியவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா என்று என்னிடம் கேட்கும் குடும்பங்களுக்கு நான் இந்த வழக்கைத்தான் சொல்கிறேன்.

மனநோய், கோமா, மறதி நோய்

மனநோய்க்குக் கதை வேறு. தேசிய அறக்கட்டளையின் நாலு வகையில் அது கிடையாது, அதனால் உள்ளூர் குழுவுக்கு மனுப் போட்டுப் பயனில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 'நியமனப் பிரதிநிதி' உண்டு. நோயாளி நன்றாக இருக்கும்போதே தனக்கு யார் பிரதிநிதி என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்றும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். செலவில்லாத, மரியாதையான ஏற்பாடு. நோய் தணிந்து வீட்டுக்கு வந்திருக்கும் நாட்களில் குடும்பமாக உட்கார்ந்து இதை எழுதிவிடுங்கள்.

ஆனால் அந்தப் பிரதிநிதி சிகிச்சைக்கு மட்டும்தான். சொத்துக்கு அவர் பொறுப்பில்லை. 1987ஆம் ஆண்டின் பழைய மனநலச் சட்டத்தில் சொத்தைப் பார்க்க மேலாளர் நியமிக்க வழி இருந்தது. புதிய சட்டம் வந்தபோது அந்த அத்தியாயம் போய்விட்டது. எனவே சொத்து விஷயமென்றால் நான் முன்பே சொன்ன 2016 சட்டம், இல்லையென்றால் உயர் நீதிமன்றம்.

விபத்திலோ பக்கவாதத்திலோ நினைவு திரும்பாமல் கிடப்பவர்களின் குடும்பம்தான் பாவம். ஆஸ்பத்திரிச் செலவு ஒரு பக்கம், அவர் பெயரில் உள்ள பணத்தைத் தொட முடியாத நிலை இன்னொரு பக்கம். கோமாவில் இருப்பவருக்குக் காப்பாளர் நியமிக்கத் தனிச் சட்டமே இல்லை. அரசியல் சாசனத்தின் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம்தான் அந்த இடத்தை நிரப்புகிறது. கேரள உயர் நீதிமன்றம் 2019இல் இதற்கு விரிவான வழிமுறை வகுத்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மனைவி வந்தார். கோமாவிலிருக்கும் கணவரின் சொத்தை விற்றால்தான் சிகிச்சையும் குடும்பமும் நடக்கும். தனி நீதிபதி சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அவரையே காப்பாளராக்கி விற்க அனுமதித்தது, 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். அதிகாரமும் கொடுத்து வேலியும் போட்டார்கள்.

இங்கேதான் ஏகப்பட்ட பேர் ஒரு தப்பு செய்கிறார்கள். அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பித்துவிட்டது, ஒரு பவர் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கும் நேரத்தில் அவருக்குத் தெளிவு இருக்க வேண்டும். பிற்பாடு தெளிவு போய்விட்டால் பவரும் அதோடு செத்துப்போகிறது, ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவு. சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் "எல்பிஏ எழுதி வையுங்க" என்று போனில் சொல்வார்கள். லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி என்பதன் சுருக்கம். அங்கே மனத்திறன் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது, தெளிவு போன பிறகு உயிர் பெறும் பத்திரம் அது. நம் ஊரில் அப்படி ஒன்று இல்லை. நம்மால் செய்ய முடிந்தது, தெளிவு இருக்கும்போதே கூட்டுக் கணக்காக மாற்றுவது, நாமினி பெயர்களைச் சரிபார்ப்பது, உயில் எழுதுவது. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போடுபவர்களில் ஒருவர் டாக்டராக இருந்தால் பிற்பாடு வழக்கு வந்தாலும் தாங்கும்.

பணத்துக்குத் தனி ஏற்பாடு

காப்பாளரையும் பணத்தையும் ஒரே முடிச்சாகப் போடாதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. "பெரியவன் பேருக்கே எழுதிடறேன், தம்பியை அவன் பாத்துக்குவான்" என்று எழுதி வைக்கும் அப்பாக்கள் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். பெரியவனும் நல்லவனாக இருக்கலாம். அவனுக்குக் கடன் வந்தால்? அவன் முதலில் போய்விட்டால்? அந்த வீட்டில் தம்பிக்கு அதன் பிறகு எந்தப் பிடிமானமும் இல்லை. நேரே பிள்ளை பெயருக்கே எழுதி வைத்தால் வேறு மாதிரி சிக்கல். சொத்து அவனுடையது, ஆனால் அதை யாராலும் அசைக்க முடியாது.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, 1882ஆம் ஆண்டின் டிரஸ்ட் சட்டத்தின்கீழ் குடும்ப டிரஸ்ட். அசையாச் சொத்து இருந்தால் பதிவு செய்ய வேண்டும். பயனாளி பிள்ளை ஒருவர்தான். டிரஸ்டிகள் இரண்டு மூன்று பேர், அதில் ஒருவராவது குடும்பத்துக்கு வெளியே. எங்களுடையதில் நான், சித்தப்பா மகன், அப்பாவோடு வேலை பார்த்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வாடகை டிரஸ்டுக்கு வருகிறது, தம்பிக்குப் போகிறது. டிரஸ்டால் ஆஸ்பத்திரியில் சம்மதக் கையெழுத்துப் போட முடியாது, எங்கே தங்குவது என்று முடிவு செய்ய முடியாது. அதற்குக் காப்பாளர்தான். சொத்து கொஞ்சமாக இருந்தால் டிரஸ்ட் வேண்டாம். ஆடிட்டர் செலவே வருமானத்தைத் தின்றுவிடும்.

பென்ஷன் பற்றி ஒரு வார்த்தை. அரசு ஊழியரின் பிள்ளை குறைபாட்டால் சம்பாதிக்க முடியாதவர் என்றால், பெற்றோருக்குப் பிறகு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். பெற்றோர் இருக்கும்போதே பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆவணத்தில் சேர்த்துவிட வேண்டும். அவர்கள் போன பிறகு சேர்ப்பதற்கு அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

சொந்தம் இல்லாதவர்களுக்கு யார்?

இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் பொதுக் காப்பாளர் அலுவலகம் என்று அரசுத் துறையே இருக்கிறது, காப்பாளர்களைக் கண்காணிக்க. ஆஸ்திரேலிய மாநிலங்களில் யாரும் இல்லாதவருக்கு அரசு அலுவலரே காப்பாளராக நியமிக்கப்படுகிறார், சம்பளத்துக்குச் செய்யும் வேலையாக. எங்கே தங்குவது, எந்தச் சிகிச்சை, யாரைச் சந்திப்பது என்று அறிமுகமே இல்லாத ஒருவருக்காக முடிவெடுக்கும் வேலை.

நம்மிடம் அப்படி ஒரு துறை இல்லை. அதற்கு நெருங்கியவை இரண்டு. கைவிடப்பட்டவருக்குப் பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றைக் காப்பாளராகும்படி உள்ளூர் குழு சொல்லலாம். மனநோயாளிக்கு யாருமே இல்லை என்றால் சமூக நலத்துறை இயக்குநரையோ அவர் குறிக்கும் ஒருவரையோ மனநல வாரியம் பிரதிநிதியாக நியமிக்கும். அதுவரை ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆள் தற்காலிகமாக நிற்கலாம்.

எங்கள் குழுவுக்குப் பழக்கமான ஒரு நிறுவனத்தில் இந்த வேலையைப் பார்க்கும் சமூகப் பணியாளர் பெண் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு, கோப்பின் முதல் பக்கத்தில் அவருடைய சொத்து விவரம் இருக்காது. 'இவருக்குப் பிடித்தது, பிடிக்காதது, வேண்டாம் என்பதை எப்படிக் காட்டுவார்' என்றிருக்கும். பேசாத ஒருவரின் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: "பிடிக்காவிட்டால் செருப்பைக் கழற்றிவிடுவார்." அவருக்கு அறை மாற்றிய அன்று மூன்று முறை செருப்பைக் கழற்றினாராம். பழைய அறைக்கே அனுப்பிவிட்டார்கள். ரத்த சொந்தம் இல்லாதவர் காப்பாளரானால் எப்படி இருக்குமோ என்று பயப்படும் அம்மாக்களை நான் அங்கே கூட்டிப் போகிறேன்.

சொந்தமா நிறுவனமா என்று கேட்டால், கூடப் பிறந்தவர் மனசார முன்வந்தால் அவர்தான் என் முதல் தேர்வு. முப்பது வருஷம் கூட இருந்தவருக்குத் தெரிந்தது எந்தக் கோப்பிலும் வராது. ஆனால் கடமைக்காகத் தலையாட்டும் அண்ணனைவிட நல்ல நிறுவனம் மேல். வெளிநாட்டில் இருந்துகொண்டு காப்பாளராக இருப்பதும் சரிப்படாது. நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள்: பிள்ளை தங்கும் இல்லமே அவன் பணத்துக்கும் காப்பாளராக இருக்கக் கூடாது. கட்டணம் வாங்குபவரும் கட்டணத்துக்குச் சம்மதிப்பவரும் ஒரே ஆளாகிவிட்டால் அவனுக்காகக் கேள்வி கேட்க யார் இருப்பார்கள்?

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். பலரைக் குடும்பமே கொண்டுவந்து விட்டிருந்தது. அவர்களைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் இருந்தது. அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று வந்து பார்த்துக் கேட்க வெளியாள் ஒருவர் இல்லை.

எங்கள் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பேச்சும் இதுதான். எனக்கு 52 ஆகிறது. எனக்குப் பிறகு என் மகளா, அந்த நிறுவனமா? மகள் "நான் பாத்துக்கறேன்மா" என்கிறாள். அவளுக்கு 23 வயது. கல்யாணம், வேலை, ஊர் எதுவும் முடிவாகவில்லை. இப்போதே அவளைக் கட்டிப்போட எனக்கு மனசில்லை. அதனால் நிறுவனத்தின் விடுதியில் மாதம் இரண்டு நாள் தம்பியைத் தங்க வைத்துப் பார்க்கிறோம், டிரஸ்டில் மகளை ஒரு டிரஸ்டியாக மட்டும் சேர்த்திருக்கிறோம். காப்பாளர் யார் என்பதை அடுத்த ஜூனில் கணக்குக் கொடுக்கப் போகும்போது குழுவிடம் பேசலாம் என்றிருக்கிறேன்.

முதல் முறை தங்கிவிட்டு வந்த தம்பியிடம், எப்படி இருந்தது என்று கேட்டேன். "சாம்பார் தண்ணி" என்றான். இரண்டாவது முறை, "மணி அண்ணன் கேரம் ஆடும்" என்றான். போன வாரம் நான் எதுவும் கேட்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் கூப்பிடப் போனபோது பையை எடுக்காமல் கேரம் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தான். "இன்னும் ஒரு ஆட்டம்" என்றான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.